பான் நம்பர் கேட்டா கொடுக்கலாமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து அண்ணாச்சிமாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே!

நம்மது மானாவாரி பூமி. மழை ஏமாற்றினால் முள் வெட்டு, கரிமூட்டம், வீடியோ எடிட்டிங் என்று கிடைத்ததைக் காண்ட்ராக்ட் எடுக்கிறோம். வேலை முடிந்ததும் கம்பெனிக்காரர், "பான் நம்பர் அனுப்புங்க" என்கிறார். உடனே பயம்: வரி கட்டச் சொல்லிருவாங்களோ?

ஒரு கணக்குப் பார்ப்போம். சோலார் நிலத்தில் சீமைக்கருவேல் அகற்றும் லேபர் காண்ட்ராக்ட், பில் ரூ.40,000. ஒரே பில் ரூ.30,000-ஐத் தாண்டினால் கம்பெனி டிடிஎஸ் பிடித்தே ஆகணும். தனிநபருக்கு 1 சதவீதம், அதாவது ரூ.400. பான் இல்லையென்றால் 20 சதவீதம், ரூ.8,000! ஆள் கூலி, டீசல் போக நமக்கு மிஞ்சுவதே அவ்வளவுதானே?

அந்த 400 எங்கும் போகாது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால், ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பான் இல்லாமல் பிடித்த 8,000 உங்கள் கணக்கில் வந்தே சேராது. ஆதாரோடு இணைக்காததால் பான் முடங்கியிருந்தாலும் அதே 20 சதவீதம்தான்.

கொடுக்கும் விதத்தில்தான் கவனம் வேணும். நான் படித்து முடித்த புதிதில் மொழிபெயர்ப்பு வேலைக்குக் கையால் பில் எழுதினேன். என் 3 அவர்கள் கண்ணுக்கு 8 ஆகிவிட்டது. பிடித்த வரி என் கணக்கில் காட்டவில்லை. திருத்த வைக்க நாலு மாசம் போன் அடித்தேன். (என் கையெழுத்து இன்னும் அப்படித்தான்.) அதனால் பெயரையும் எண்ணையும் டைப் செய்து அனுப்புங்கள். முதல் ஐந்தும் கடைசி ஒன்றும் எழுத்து, நடுவில் நான்கும் எண்.

நகல் கேட்டால் எந்த கம்பெனிக்கு, எதற்கு, என்ன தேதி என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். பில் பாஸ் பண்ணுபவருக்கு மட்டும் போதும். ஓடிபி கேட்டால் போனை வையுங்கள். டிடிஎஸ் பிடிக்க ஓடிபி எதற்கு?

பானே இல்லாதவர்கள் வருமான வரித் துறை இணையதளத்தில், ஆதாரில் பதிந்த மொபைல் எண் இருந்தால், இ-பான் இலவசமாக எடுக்கலாம். பிடித்த வரி வந்துவிட்டதா என்று அந்தத் துறையின் ஏஐஎஸ் செயலியில் பார்க்கலாம்.

போனை எடுங்க, இப்பவே ஒரு தடவை திறந்து பார்ப்போம்.