பெயரும் அதன் வரையெல்லையும்



‘அண்ணன்’ என்னும் சொல் வீட்டுக்கு வீடு வேறொருவரைச் சுட்டுகிறது. நம் வீட்டில் அழைத்தால் அடுத்த வீட்டு அண்ணன் திரும்பிப் பார்ப்பதில்லை. நிரலில் ஒரு பெயர் செல்லுபடியாகும் இத்தகைய பரப்பையே வரையெல்லை என்கிறோம். ‘வீச்சு’ என்போரும் உளர். கணிதத்தில் அச்சொல் வேறு பொருளுக்கு உரியதாகிவிட்டமையால் நான் அதனைக் கைக்கொள்வதில்லை.

பைத்தான் மொழியைக் காண்போம். அதன் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம் என்பது நமக்கு மகிழ்ச்சியூட்டும் செய்தி. நிரலின் தொடக்கத்தில் ‘மொத்தம்’ என்னும் மாறிக்கு 10 என்னும் மதிப்பைத் தருகிறோம். அதன்கீழ் ‘கூட்டு’ என்றொரு செயற்கூறு எழுதி, அதனுள் மொத்தத்தை அச்சிடச் சொல்லி அழைத்தால், 10 என்றே வரும். உள்ளே அப்பெயர் இல்லாமையால் பைத்தான் வெளியே தேடி எடுத்துக்கொள்கிறது. மாறாக, உள்ளே ‘மொத்தம் = 5’ என்று எழுதினாலோ புதியதொரு மாறி பிறக்கிறது; செயற்கூறு முடிந்ததும் மறைகிறது; வெளியிலுள்ள 10 அப்படியே இருக்கும்.

இதுவரை மாணவர் பெரும்பாலும் இடர்ப்படுவதில்லை. அதே இடத்தில் ‘மொத்தம் = மொத்தம் + 5’ என்று எழுதிப் பாருங்கள். அவர் எதிர்பார்ப்பது 15, வருவதோ பிழைச்செய்தி. வெளியே 10 கண்ணெதிரே இருக்க, மதிப்பே இல்லை என்று கணினி சொல்வது அவருக்கு அநீதியாகப் படுகிறது. காரணம் இதுவே: செயற்கூற்றினுள் எந்த வரியிலேனும் ஒரு பெயருக்கு மதிப்பிருத்தல் நிகழுமாயின், இயங்கத் தொடங்குமுன்பே அப்பெயரைச் செயற்கூறு முழுமைக்கும் உரிய உள்ளமை மாறியாகப் பைத்தான் குறித்துக்கொள்கிறது. ஆகவே வலப்பக்கத்து மொத்தத்தைப் படிக்கும்போது அது வெளியே தேடுவதில்லை. உள்ளேயோ இன்னும் மதிப்பு இல்லை. அச்சிடும் கட்டளை முதல் வரியிலும் மதிப்பிருத்தல் பத்தாம் வரியிலும் இருந்தாலும் இதே பிழைதான்.

‘குளோபல்’ என்னும் சொல்லைச் சேர், பிழை மறையும் என்று சொல்லிவிடுவது ஆசிரியருக்கு எளிது. மறையும், அதன்பின் மாணவர் எல்லாச் செயற்கூறுகளிலும் அதனையே ஒட்டுவார். இருபது செயற்கூறுகள் ஒரே மாறியை மாற்றும் நிரலில், தவறான மதிப்பு எங்கே நுழைந்தது என்றறிய இருபதையும் படித்தாக வேண்டும். மதிப்பை அளபுருவாக உள்ளே அனுப்பி, விடையைத் திரும்பப் பெறும் வழக்கத்தையே முதலில் கற்பிக்க வேண்டும் என்பது என் துணிபு. ‘மொத்தம் = கூட்டு(மொத்தம்)’ என்று எழுதினால், மதிப்பு எவ்வழிச் சென்று எவ்வழி மீண்டது என்பது அவ்வரியிலேயே தெரிகிறது.

பட்டியல்கள் மட்டும் இவ்விதிக்கு மாறானவைபோல் தோன்றும். வெளியிலுள்ள பட்டியலில் செயற்கூற்றினுள் இருந்தே ஓர் உறுப்பைச் சேர்த்தால் பிழை வராது. அங்கே பெயருக்கு மதிப்பிருத்தல் நிகழவில்லை. பெயர் சுட்டும் பட்டியலின் உள்ளடக்கமே மாறுகிறது. கூர்ந்து நோக்கும் மாணவர் ஒருவர் இதனை என்றேனும் கேட்பார், அதுவரை காத்திருக்கலாம்.