எல்லாக் கடைக்கும் ஒரே அட்டை

மொய்க் கவர் இருந்த இடத்தில் இப்போது பளபளவென்று ஓர் அட்டை வருகிறது. கிஃப்ட் கார்டு. அதிலும் பல கடைகளில் செல்லும் ரகம். புடவையா, மிக்சியா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கொடுப்பவருக்கு நிம்மதி!

வாங்கியவர் பாடு? கடைப் பட்டியல் அனுமார் வால்போல் நீளும். அவர் ஊரில் அதில் ஒன்றுகூட இருக்காது. இருந்தாலும், "எங்க பிராஞ்சுல இதை எடுக்கறதில்லைங்க" என்பார் கல்லாவில் இருப்பவர். சில அட்டைகளில் முதலில் ஒரு கடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் மனசு மாறினாலும் கடையை மாற்ற முடியாது.

2,000 ரூபாய் அட்டைக்கு 1,740 ரூபாயில் செருப்பு எடுக்கிறீர்கள். மீதி 260 கைக்கு வராது. இந்த ரக அட்டையிலிருந்து ரொக்கம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருவதில்லை. மறுபடி பணம் நிரப்பவும் முடியாது. ஓர் அட்டையின் உச்சவரம்பே 10,000 ரூபாய்தான். அந்த 260-க்காகவே இன்னொரு சாமான் வாங்கி, கைக்காசையும் போட்டுவிட்டு வருவோம். கடைக்காரருக்குக் கொண்டாட்டம்!

குறைந்தது 1 வருடம் செல்லுபடியாக வேண்டும் என்றும் விதி இருக்கிறது. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போன அட்டைக்கு ஒரு வருடம் எம்மாத்திரம்?

கொடுத்தே தீருவதென்றால், அவர் ஊரில் எந்தக் கடையில் செல்லும் என்று விசாரித்து, கடைசித் தேதியைக் கவர்மேல் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.