பள்ளி வாயிலுக்கு உள்ளே



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஆற்றிய பணி யாது என எவரேனும் வினவினால், பிள்ளைகளைப் பள்ளி வாயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம் என்று விடை கூறலாம். வீடு வீடாகச் சென்றோம். கூலி வேலைக்கு அனுப்பாதீர் எனப் பெற்றோரிடம் மன்றாடினோம். நோட்டும் புத்தகமும் வாங்கித் தந்தோம். ஆனால் அவ்வாயிலுக்கு உள்ளே அவர்களுக்கு என்ன நேர்கிறது என்று கேட்டோமா?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. நம் மாலை வகுப்பிற்கு வந்துகொண்டிருந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கணக்கில் கெட்டிக்காரி, திடீரெனப் பள்ளிக்குப் போக மறுத்தாள். வயிற்றுவலி என்றாள், தலைவலி என்றாள். சோம்பல் என்று நாமே கடிந்துகொண்டோம். அவள் படிப்பு நின்றது. ஓர் ஆசிரியரின் அத்துமீறலே காரணம் என்பது ஈராண்டு கழித்தே நமக்குத் தெரியவந்தது. கடிந்த வாயால் அன்று கனிவாகக் கேட்டிருந்தால் அவள் இன்று பட்டதாரியாகியிருப்பாள். அப்பிழை நம்முடையது.

ஆகவே முதலில் அறிகுறிகளை அறிதல் வேண்டும். காரணமின்றிப் பள்ளிக்கு அஞ்சுதல், குறிப்பிட்ட ஒருவரின் பெயரைக் கேட்டதும் முகம் வாடுதல், உறக்கம் கெடுதல், மதிப்பெண் சரிதல் ஆகியவை கண்டால் அன்போடு உசாவுக. தொடுதல் மட்டுமே குற்றம் என எண்ணற்க. பாலியல் நோக்கோடு ஆபாசச் சொல் பேசுதல், சைகை காட்டுதல், விடாது பின்தொடர்தல், கைப்பேசியில் ஆபாசப் படம் காட்டுதல் ஆகியனவும் குற்றமே. ஆண் பிள்ளைகளுக்கும் இக்கொடுமை நேர்கிறது.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ, 2012-இல் இயற்றப்பட்டது. 18 வயதிற்கு உட்பட்ட அனைவரும் அதன்படி குழந்தைகளே. பாலியல் நோக்கோடு குழந்தையைத் தொடுபவர் அப்பள்ளியின் ஊழியராயின் தண்டனை 5 ஆண்டுக்குக் குறையாது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தமக்குக் கீழ்ப் பணிபுரிவோர் செய்த குற்றத்தை மறைக்கும் பள்ளிப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. எனவே ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’ என்று எவரேனும் கூறின், அஞ்ச வேண்டியவர் அவரே.

குழந்தையைக் காவல் நிலையத்திற்கு அழைத்துச் செல்லத் தேவையில்லை. வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி வாக்குமூலம் பெறுதல் வேண்டும். கூடியவரை அவர் பெண் அதிகாரியாய் இருத்தல் வேண்டும் என்பதும் சட்டம். குற்றம் செய்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சாராதவராயின், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கக் கோருக.

இனி, நம் சேரிகளில் நிகழ்வதைச் சொல்ல வேண்டும். புகார் எழுந்ததும் ஊர்ப் பெரியவர் சிலர் வருவர். தந்தை அவர்களுடைய நிலத்தில் கூலிக்குப் போகிறவராய் இருப்பார்; கடனும் பட்டிருப்பார். ‘பெண் பிள்ளை விஷயம், பேசி முடித்துக்கொள்’ என்பார்கள். ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள்.

இராஜஸ்தானில் 2022-இல் நிகழ்ந்ததைக் கேளுங்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த மாணவியிடம் ஆசிரியர் தவறாக நடந்தார் என வழக்குப் பதிவாயிற்று. பின்னர்த் தந்தையோடு ஏற்பட்ட சமரசத்தைக் காட்டி, உயர்நீதிமன்றத்தில் வழக்கு ரத்தாயிற்று. குடும்பத்தார் அல்லாத இருவர் விடவில்லை, உச்சநீதிமன்றம் சென்றனர். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி, இத்தகைய குற்றம் இருவரிடையே பேசி முடிக்கும் தனிப்பட்ட தகராறு அன்று எனத் தீர்ப்பளித்தது. தந்தை தளர்ந்த இடத்தில் தோள் கொடுக்க இருவர் இருந்தனர். நம் ஊரில் அந்த இருவர் யார்? இளைஞர்களே, உங்களைத்தான் கேட்கிறோம்.

பிள்ளை வாய் திறந்து சொன்னால் குறுக்கே பேசாது கேளுங்கள். ‘நீ ஏன் அங்கே போனாய்’ என்று வினவாதீர்கள். அது சொன்ன சொற்களையே நாளிட்டு எழுதி வையுங்கள். கைப்பேசிச் செய்திகளை அழிக்காதீர்கள். 1098 என்ற எண்ணிற்கு எந்நேரமும் பேசலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற எண்ணும் உண்டு. எழுத்து மூலம் புகார் தந்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுங்கள். குழந்தையின் பெயரை எவரிடமும் பரப்பாதீர்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, புகார் தந்த பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள். அவசரத் திருமணமும் செய்யாதீர்கள். தவறியவன் வெளியேற வேண்டும். அவள் தன் இடத்தில் அமர்ந்து படிக்க வேண்டும். அதற்குத் துணை நிற்பதே அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கத்தின் தலையாய கடமை எனக் கூறி அமைகின்றோம்.