எந்த நாட்டுப் பொறுப்பு?



குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது ஐரோப்பாவின் புகலிடச் சட்டத்தைக் கேட்க வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பொறுமைக்கு முதலில் நன்றி.

எல்லை என்பது தென்காசிக்காரர்களுக்குப் புதிய சங்கதியல்ல. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை நம்முடன் இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. இன்று புளியரை தாண்டி கேரளத்து ஆரியங்காவுக்குப் போகிறவர் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் 2020இல் கொரோனா வந்ததும் அதே சாலையில் இ-பாஸ் கேட்டார்கள். 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூரில் ஐந்து நாடுகள் போட்ட ஒப்பந்தமும் இப்படித்தான்: உள்ளே தடுப்பு கிடையாது, பயம் வந்தால் கம்பு கீழே இறங்கும். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் அதை இறக்கியது.

உள் எல்லையை எடுத்துவிட்டால், தஞ்சம் கேட்டு வருகிறவர் யார் பொறுப்பு? இதற்கு 1990இல் டப்ளினில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். 1997 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஒருவர் மனுவை ஒரே ஒரு நாடு விசாரிக்கும். விசா கொடுத்த நாடு, முதலில் கால் வைத்த நாடு என்று அதற்கு ஒரு வரிசை. 2003 முதல் யூரோடாக் என்ற கைரேகைக் கிடங்கும் சேர்ந்துகொண்டது. ஏட்டில் இதற்குப் பெயர் ஒத்துழைப்பு. என் கணக்கில் இது பெரும்பாலும், வந்தவரை அடுத்த வீட்டு வாசலுக்கு முறைப்படி அனுப்பிவைக்கும் ஏற்பாடு.

இந்த ஏற்பாடு உருவாவதற்கு முன்பே அதன் ருசியைப் பார்த்தவர்கள் நம் மக்கள். இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து நகர ரயிலேறி மேற்கு பெர்லின் போய்விடுவார்கள். மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டைப் பார்க்க ஆள் இல்லை. பார்த்தால் அதை ஓர் எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! அந்த அரசியல் பிடிவாதம் நம்மவர்களுக்குக் கதவாயிற்று. மேற்கு ஜெர்மனி நெருக்க, 1985 ஜூலையில் கிழக்கு ஜெர்மனி விசா இல்லாத தமிழர்களுக்கு அந்த வழியை அடைத்தது. சுவர் நின்ற காலத்தில் இரண்டு ஜெர்மனிகளும் ஒத்துப்போன அபூர்வமான காரியங்களில் இதுவும் ஒன்று.

அடுத்து நான் சொல்லப்போகிற வழக்கைச் சட்ட மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மனுதாரர் இலங்கைத் தமிழர், தீர்ப்பில் 'டி.ஐ.' என்ற இரண்டு எழுத்துதான் அவர் பெயர். புலிகளிடமும் ராணுவத்திடமும் தான் பட்டதைச் சொல்லி 1996இல் ஜெர்மனியில் தஞ்சம் கேட்டார். அரசு அல்லாத இயக்கம் செய்த கொடுமையை அன்றைய ஜெர்மானியச் சட்டம் தஞ்சத்துக்குரிய காரணமாக ஏற்கவில்லை, மனு தள்ளுபடி. 1997இல் பிரிட்டனுக்குப் போனார். அங்கே அந்தக் காரணம் செல்லும். ஆனால் பிரிட்டன் அவர் கதையைக் கேட்கவே இல்லை. டப்ளின்படி நீ ஜெர்மனியின் ஆள் என்றது. ஒரே மனிதர், ஒரே கதை, கேட்கிற நாட்டைப் பொறுத்து வேறு வேறு விடை. பொது விதி ஆளை நகர்த்துவதற்கு மட்டும் இருந்தது. அவர் சொல்வதை நிறுக்கும் தராசு பொதுவாக இல்லை.

அவர் ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2000 மார்ச்சில் தோற்றார். ஜெர்மனியில் வேறு பாதுகாப்பு கிடைக்கக்கூடும் என்றது நீதிமன்றம். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னது: இடையில் வேறொரு நாட்டுக்கு அனுப்புவதால் பிரிட்டனின் பொறுப்பு கழிந்துவிடாது. இந்த அடித்தளத்தில்தான் 2011 ஜனவரியில் ஓர் ஆப்கானியரை கிரீசுக்கு அனுப்பிய பெல்ஜியத்தின் செயலை அதே நீதிமன்றம் தவறு என்றது. தோற்ற தமிழரின் வழக்கு பிறகு வந்தவர்களுக்குப் படியாயிற்று.

ஐரோப்பாவில் 2024இல் நிறைவேறிய புதிய புகலிடச் சட்டத் தொகுப்பு 2026 ஜூனைத் தொடக்கமாக வைத்திருக்கிறது. கைரேகை எடுக்கும் வயதை 14இலிருந்து 6க்கு இறக்கியிருக்கிறார்கள். ஆளை ஏற்க மனமில்லாத நாடு தலைக்கு 20,000 யூரோ கட்டலாம். எனக்கு இது உவப்பாக இல்லை.

ஆனாலும் ஐரோப்பாவை ஏசிவிட்டு எழுந்து போக எனக்கு வாய் வரவில்லை. நம் கடையநல்லூர் பக்கம் போகநல்லூரில் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான ஒரு முகாம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி தமிழ்நாட்டில் இப்படி 108 முகாம்கள், 58,822 பேர். 'மறுவாழ்வு முகாம்' என்று அப்போது பெயரை மாற்றினார்கள், நல்லதுதான். உதவித்தொகையும் வீடும் தந்தார்கள். மாதச் 'செக்கிங்'குக்கு ஆள் நேரில் நிற்கவும் வேண்டும். ஆனால் இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. தனி அகதிச் சட்டமும் நம்மிடம் இல்லை. டி.ஐ.க்குத் தோற்பதற்காவது ஒரு வழக்கு இருந்தது.

1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், மதுரைக் கிளையில் வழக்காடிக் கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் போட்டார். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்பதால் அது முடிந்தது. அந்தத் தேதிக்குப் பின், பெற்றோரில் ஒருவர்கூட இந்தியக் குடிமகனாக இல்லாமல், தென்காசி அரசு மருத்துவமனையிலேயே பிறந்திருந்தாலும் அந்த வழி கிடையாது. சசி தரூர் 2015இலும் 2022இலும் மக்களவையில் தனிநபர் மசோதாவாகப் புகலிடச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார், இரண்டும் சட்டமாகவில்லை. அந்த வரைவை வாங்கிப் படியுங்கள். போகநல்லூரில் இருப்பவருக்கு அதில் எந்தப் பிரிவு உதவும், எது உதவாது என்று எழுதிப் பாருங்கள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவை உங்களில் ஒருவர் அதைப் பற்றியே நிகழ்த்தலாம்.