உள்ளங்கால் அனுப்பும் செய்தி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்து மூதாட்டியார், இரு பாதங்களும் மரத்துப்போவதாகக் கூறினார். தில்லிக் குளிர் என்றோம் நாங்கள். கோடை வந்தது, மரமரப்பு நீங்கவில்லை. முதுமை என்றோம். காலணி கழன்றதை உணராமலே அவர் நடந்தார். முகம் கழுவக் கண்களை மூடினால் தள்ளாடினார். கால்களில் வலிமை இருந்தது. குறை இருந்த இடம் தண்டுவடத்தின் வெண்பொருள் என்பதை மருத்துவர் கூறியபின்னரே அறிந்தோம்.

மூளையிலும் தண்டுவடத்திலும் சாம்பல் நிறப் பகுதி, வெண்ணிறப் பகுதி என இரண்டு உண்டு. நரம்பணுக்களின் உடல்கள் செறிந்திருப்பது சாம்பல் பகுதி. அவற்றின் செய்திகளைச் சுமந்து செல்லும் நீண்ட இழைகளின் தொகுதியே வெண்பொருள். மூளையில் அது உட்புறத்தே அமைந்துள்ளது. தண்டுவடத்திலோ வெளிப்புறத்தே சூழ்ந்துள்ளது. இழைகளைப் போர்த்திய கொழுப்புறையே வெண்மைக்குக் காரணம். 1854ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் விர்க்கோ அதற்கு மயலின் என்று பெயரிட்டார். உறையில்லாத மெல்லிழையில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் செல்லும். உறையுடைய தடித்த இழையில் 100 மீட்டர் வரையும் விரையும்.

இவ்வுறை நலமாயிருக்க வைட்டமின் பி-12 இன்றியமையாதது. 1948ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்ட இச்சத்து, நாளொன்றுக்கு ஒரு கிராமின் 10 இலட்சத்தில் இரண்டு கூறுக்குச் சற்று மிகுதியாகவே தேவைப்படுகிறது. ஆயினும் அரிசியிலோ பருப்பிலோ கீரையிலோ அது இல்லை. புலால், மீன், முட்டை, பால் ஆகியவற்றிலேயே உண்டு. எனவே மரக்கறி உண்போர்க்குப் பாலும் தயிருமே துணை. முதுமையில் இரைப்பையின் ஆற்றல் குறையுமாயின், உண்டதும் உடலிற் சேராமற் போகலாம். நீரிழிவுக்காக மெட்பார்மின் மாத்திரையைப் பல்லாண்டு உட்கொள்வோர்க்கும் இக்குறை நேரலாம். ஈரலின் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால், குறை ஓசையின்றி வளர்கிறது.

சேமிப்பு தீர்ந்தபின், தண்டுவடத்தில் பெரும்பாலும் முதலில் நலிவன பின்புற வெண்ணிழைகள். பாதம் எவ்விடத்தில் ஊன்றியிருக்கிறது என்பதை மூளைக்கு உரைப்பவை அவையே. அச்செய்தி தடைப்பட்டால் கண்ணே வழிகாட்டி. இருளிலும், கண்ணை மூடும்போதும் தடுமாற்றம் நேர்வது இதனாலேதான்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். இரத்தசோகை என்று கருதி, போலிக் அமில மாத்திரையை மட்டும் உட்கொண்டால் சோகை தெளியக்கூடும். நரம்பின் நலிவோ மறைவாகத் தொடரும்.

இக்குறையை இரத்தச் சோதனையால் அறியலாம்; ஊசி மருந்தால் ஈடுசெய்யலாம். காலத்தே கண்டால் நலிவு பெரிதும் மீளும். தாழ்த்தினால் ஒரு பகுதி மீளாமலே நின்றுவிடும். எங்கள் மூதாட்டியார் இன்று துணையின்றிக் கோயிலுக்குச் சென்று வருகிறார். எனினும் கால்விரல்களின் மரமரப்பு முற்றும் அகலவில்லை. குளிரையும் முதுமையையும் காரணங்காட்டி நாங்கள் கழித்த ஓராண்டுக்கு அவர் செலுத்திய விலை அது.

பிறந்த ஊரை விட்டுப் பிள்ளைகளோடு வந்து வாழும் முதியோர், அவர்களுக்குத் தொல்லை தரலாகாது என்று தம் நோவைக் குறைத்தே கூறுவர். ஆதலின், கால் மரக்கிறது என்று அவர்கள் ஒருமுறை கூறினாலும், அதைப் பலமுறை கூறியதாகவே கொள்வோம். காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.