குடிகாரனின் கதை திரைக்கு வந்தபோது: 1953-இன் ‘தேவதாஸ்’

சரத் சந்திர சட்டோபாத்யாயர் இளவயதில் எழுதி, 1917-இல் வெளிவந்த ‘தேவதாஸ்’ படிப்பதற்கு எளிய வங்க நாவல். படமாக்குவதற்குக் கடினமான நாவல். காதலி பார்வதி நள்ளிரவில் துணிந்து தேடி வந்து நின்றபோதும் ஒரு முடிவுக்கு வரத் தெரியாதவன் அதன் நாயகன். பிறகு குடித்தே உடலைக் கெடுத்துக்கொள்கிறான். செயலற்ற இந்த மனிதன்மேல் வாசகருக்கு வெறுப்பு வராமல் காப்பது கதைசொல்லியின் இரக்கம். கடைசிப் பக்கத்தில் ஆசிரியரே முன்வந்து, இவனுக்காகக் கொஞ்சம் மனமிரங்கச் சொல்கிறார்.

திரையில் அப்படி வந்து பேச ஆசிரியருக்கு இடமில்லை. 1935-இல் வங்கத்தில் பி. சி. பரூவாவும், 1953-இல் தெலுங்கிலும் தமிழிலும் வேதாந்தம் ராகவய்யாவும் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். வினோதா பிக்சர்ஸ் தயாரித்த ராகவய்யாவின் படம், கதைசொல்லியின் வேலையைப் பாட்டிடம் ஒப்படைத்தது. இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமன் 1952-இல் காலமானதால் எஞ்சிய பணியை விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முடித்தார்கள். குடிபோதையில் நாயகன் பாடும் இடத்திலும் கண்டசாலாவின் குரல் உளறுவதில்லை, தள்ளாடுவதில்லை. சுருதியோடு ஒன்றி, நிதானமாக நடக்கிறது. கால் தள்ளாடுகிறது, குரல் தெளிந்திருக்கிறது. தன் அழிவு அவனுக்கே தெரியும் என்பதை வசனமின்றி இந்த முரண் உணர்த்திவிடுகிறது.

நடிப்பும் அதற்கு ஈடுகொடுத்தது. கண்ணில் களைப்பு இயல்பாகத் தெரியவேண்டும் என்று குடிக்காட்சிகளை இரவில் எடுத்ததாக, தேவதாஸாக நடித்த அக்கினேனி நாகேஸ்வரராவ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சாவித்திரியின் பார்வதி, அழுது தேய்பவளாக மட்டும் நின்றுவிடாமல் தன்மானம் உள்ளவளாக நிமிர்ந்து நின்றாள்.

படம் வந்த காலத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். 1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் பரவியது. ஆக, கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடிக்கிடந்த நாட்டில்தான் தமிழ் ரசிகர்கள் இந்தக் குடிகாரனுக்காகக் கண்ணீர் விட்டார்கள்.

அந்தக் கண்ணீரில் ஒரு குறையும் ஒளிந்துகொண்டது. நாவலில் தேவதாஸின் பலவீனம் குடிக்கு முந்தியது. கோபத்தில் தூண்டில் கோலால் பார்வதியின் நெற்றியில் அடித்துத் தழும்பு உண்டாக்கும்போது அவன் குடிகாரன் அல்ல. பாட்டின் இனிமையோ, காதல் தோல்விதான் குடிக்கு முழுக்காரணம் என்று நம்பவைத்தது. தாடி வளர்த்துச் சோர்ந்து திரியும் இளைஞனையெல்லாம் ‘தேவதாஸ்’ என்று அழைக்கும் வழக்கமும் பரவியது. குடி ஒரு நோய் என்பது மறைந்து, காதலின் அடையாளமாகிவிட்டது.

ஆகவே 1953-இன் படம் நாவலின் இரக்கத்தை முழுமையாகக் காப்பாற்றியது. நாவலின் கண்டிப்பைப் பாதிதான் காப்பாற்றியது. 1955-இல் பிமல் ராய், 2002-இல் சஞ்சய் லீலா பன்சாலி எடுத்த இந்திப் படங்களையும் இந்த இரண்டையும் கொண்டே எடைபோடவேண்டும்.