வேடந்தாங்கலில் கை தட்ட வேண்டாம்

(நமது குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த ஞாயிறு நாம் வேடந்தாங்கல் போகிறோம். "பறவைகளை எப்படிப் படம் எடுப்பது என்று கொஞ்சம் சொல்லுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். அதற்கு முன் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

பணி ஓய்வு பெற்ற வருடம் கேமரா வாங்கினேன். முதல் பயணமே வேடந்தாங்கல்தான். ஏரித் தண்ணீரில் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. எனக்கோ பறக்கிற படம் வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்தும் ஒன்றும் அசையவில்லை. கரைக்குப் பக்கத்து மரத்தைப் பார்த்துப் பலமாகக் கை தட்டினேன். நாலைந்து நாரைகள் எழுந்து பறந்தன. படம் கிடைத்தது. அந்த இடைவெளியில் ஒரு காகம் காலியான கூட்டில் இறங்கி முட்டையைக் கொத்தி உடைத்தது. கரையில் நின்ற ஊர்ப் பெரியவர் ஒருவர், "படம் வந்துச்சா சார்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் வருத்தம் பிறகுதான் புரிந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். துப்பாக்கியோடு வந்தவர்களை அந்த ஊரார் எதிர்த்து, 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்புக்கு எழுத்து வாங்கியவர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காட்டுப் பறவைகளின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதை 'வேட்டை' என்ற கணக்கில்தான் சேர்க்கிறது. நம் கையில் இருப்பது கேமராதானே என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி படம் எடுக்கும் முறை. காலையில் சீக்கிரம் போனால் வெளிச்சம் இதமாக இருக்கும். மாலை நாலு மணிக்கு மேல் பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். பறக்கிற படம் அப்போது தானாகவே கிடைக்கும். ஷட்டர் வேகம் 1/1000 அல்லது அதற்கும் மேல் வையுங்கள். ஃபோகஸ் பறவையின் கண்ணில் இருக்கட்டும். சுள்ளியோ இரையோ கொண்டுவரும் பறவை பெரும்பாலும் ஒரே வழியில் திரும்பத் திரும்ப வரும். அந்த வழியைப் பார்த்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். செல்போன் மட்டும் உள்ளவர்கள் ஏரியும் மரமும் சேர்ந்து வருகிற மாதிரி எடுங்கள். அதுவும் நல்ல படம்தான்.

ஃப்ளாஷ் வேண்டாம். பளிச்சென்ற நிறத்தில் சட்டை, சேலை வேண்டாம். கரையை விட்டு இறங்க வேண்டாம். பறவை செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திக் கழுத்தை நீட்டி நம்மைப் பார்த்தால், நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். இரண்டடி பின்னால் வாருங்கள்.

திரும்பி வந்ததும் கீழ்த்தளத்தில் எல்லோருடைய படங்களையும் ஒட்டி வைக்கலாம். என்னுடைய அந்தப் பழைய படம் மட்டும் அதில் இருக்காது.

என் பேச்சுக்குக் கை தட்ட விரும்புகிறவர்கள் இப்போதே தட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.